கரிசல் மண்ணும் பள்ளிக்கூடமும்

தமிழகத்தின் தென்பகுதியில் கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என நாற்புறமும் பரந்து கிடப்பது கரிசல் நிலம். வற்றாத ஆறு பாயாத நாடு அது. வானத்தை நம்பி விதைத்து, வானம் தந்ததை அறுத்து வாழும் மக்களின் நாடு. மழை பெய்தால் அம்மண் நீரைக் குடித்துப் பருத்து, களிபோல் ஆகிக் காலைப் பற்றிக்கொள்ளும். கோடையில் அதே மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பினுள் ஒரு முழக்கோலைச் செருகினாலும் அடி தட்டாத இடங்கள் உண்டு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், கொத்தமல்லி ஆகியவை இந்நிலத்தின் செல்வங்கள். கருங்கண்ணி என்னும் பருத்தியினம் இப்பகுதிக்கே உரிய பெயர் பெற்றது.

இத்தகைய நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் நன்கு நடைபெறுவதற்கு என்ன வேண்டும்? நல்ல கட்டடம், நல்ல நூல், நல்ல ஆசிரியர் என்று உடனே விடை கூறிவிடலாம். இவை வேண்டுவனவே. ஆனால் இவை எல்லாம் இருந்தும் வகுப்பில் மாணவர் இல்லையென்றால் யாருக்குப் பாடம் சொல்வது? இருந்தும் பசித்த வயிற்றோடும் உறங்கும் கண்ணோடும் இருந்தால் சொல்லும் பாடம் எங்கே சென்று சேரும்? கரிசல் நாட்டுப் பள்ளிகளின் வரலாறு, பெரும்பாலும் இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிய வரலாறே ஆகும்.

பள்ளியில் உள்ள ஏடுகளுள் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது வருகைப் பதிவேடு. காலையில் பெயரைக் கூப்பிட்டுக் குறியிட்டதும் அதன் வேலை முடிந்தது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது ஊரின் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடி. கரிசல் நாட்டில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைப்பு நடைபெறும். கார்த்திகையில் களையெடுப்பு. மார்கழியிலும் தையிலும் பயறு வகைகள் அறுவடைக்கு வரும். மிளகாய்ப் பழம் எடுப்பதும் பருத்தி எடுப்பதும் மாசி, பங்குனி மாதங்களில் மும்முரமாக இருக்கும். இவ்வேலைகள் அனைத்தும் விரைவாக முடிக்கப்பட வேண்டியவை. வெடித்த பருத்தியைக் காலத்தில் எடுக்காவிடில் காற்றும் பனியும் அதனைக் கெடுத்துவிடும். ஆதலின், வீட்டில் உள்ள கைகளெல்லாம் காட்டிற்குச் செல்லும். பெற்றோர் இருவரும் காட்டிற்குச் சென்றால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்பாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே அன்று ஒரு வெறுங்கட்டம் விழும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காணலாம். பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வு பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நடைபெறுகிறது. பருத்திக் காடு வெண்மையாகப் பூத்து நிற்கும் பருவமும் அதுவே. தேர்வை வகுத்தவர்கள் பருத்தியை நினைத்திருக்க நியாயமில்லை. பருத்தியும் தேர்வுக்காகக் காத்திராது. இரண்டிற்கும் இடையே நிற்பவர் மாணவர். எந்த மாதத்தில் எந்த ஊர் மாணவர் வாரார் என்பதை முன்னரே அறிந்த ஆசிரியர், அரிய பாடங்களை அம்மாதத்திற்கு முன்னரே நடத்தி முடிக்கலாம். அறியாதவர், பாதி வகுப்பிற்கு நடத்திவிட்டு மீதிப் பாதியைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வார்.

பசியைப் பற்றிய செய்திக்கு வருவோர் முதலில் விருதுநகரை நோக்க வேண்டும். அவ்வூரும் வறண்ட பகுதியில் அமைந்ததே. அங்குச் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை ஊரார் தம் முயற்சியால் நடத்தினர். அதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு கலயத்தில் இடுவர். அவ்வாறு சேர்ந்த அரிசியைத் திரட்டி, அதன் விலையைக் கொண்டு பள்ளியை நடத்தினர். பிடியரிசிப் பள்ளி என்றே அதனை மக்கள் வழங்கினர். அப்பள்ளியில் பயின்ற மாணவருள் ஒருவர் காமராசர். 1903-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தமையால் படிப்பைத் தொடர இயலாது கடையில் வேலைக்கு அமர்ந்தார். இடையில் நின்ற படிப்பின் துன்பம் இன்னதென்று நூலின் வாயிலாக அவர் அறிய வேண்டியிருக்கவில்லை.

காமராசர் 1954-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். அப்பொழுது பொதுக் கல்வி இயக்குநராக விளங்கியவர் நெ. து. சுந்தரவடிவேலு. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குப் பசியே பெருந்தடை என்பதை இருவரும் உணர்ந்தனர். பள்ளியில் பகலுணவு இடுதல் அதற்கு முன்னும் சிற்சில இடங்களில் நடந்ததுண்டு. சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த 1920-ஆம் ஆண்டிலேயே தன் பள்ளி ஒன்றில் அதனைத் தொடங்கியது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் உரிய திட்டமாக அது உருவெடுத்தது 1956-ஆம் ஆண்டில். அதன் தொடக்க விழாவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர், கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரம். பாரதியார் 1882-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். இத்திட்டம் நிறைவேறுவதற்காக ஊர் ஊராகச் சென்று கையேந்தவும் தயங்கேன் என்னும் கருத்துப்படக் காமராசர் பேசினார் என்பர்.

அத்திட்டத்தின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. அரசே முழுச் செலவையும் ஏற்று நடத்திய திட்டம் அன்று அது. முதலில் ஊராரே அரிசியும் பருப்பும் விறகும் தந்து தொடங்கினர். பின்னர்ச் செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்றது; மறுபகுதி ஊராரின் பொறுப்பாகவே இருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் கரிசல் நாட்டு ஊர்களுக்கு அஃது எளிய பொறுப்பன்று. இருப்பினும், தம் ஊர்ப் பிள்ளைக்குத் தாம் சோறிடுகிறோம் என்ற எண்ணம், பள்ளியைத் தம் உடைமையாகக் கருதும் மனப்பான்மையை மக்களிடையே வளர்த்தது. மற்றொரு பயனும் விளைந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்டனர். வீட்டுத் திண்ணையில் அன்று நடவாத செயல் பள்ளித் தாழ்வாரத்தில் நடந்தது. எல்லா ஊரிலும் எதிர்ப்பின்றி நடந்தது என்று சொல்வதற்கில்லை, ஆயினும் நடந்தது.

இதனோடு இணைந்து சென்றது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958-ஆம் ஆண்டு முதல் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டப்பெற்றன. ஒரு பள்ளிக்கு என்னென்ன குறை உண்டு என்று முதலில் பட்டியல் எழுதுவர். சுற்றுச்சுவர், கரும்பலகை, மணி, தண்ணீர்ப் பானை, நாற்காலி, சீருடை எனப் பட்டியல் நீளும். மாநாட்டில் அது படிக்கப்படும். ஊரார் ஒருவர் ஒன்றை ஏற்பர். பணம் இல்லாதவர் உழைப்பைத் தருவர். இவ்வாறு சேர்ந்த பொருள் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புடையது. ஆனால் அப்பட்டியலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறைகளே அதில் இடம்பெற்றன. தண்ணீர்ப் பானை இல்லையென்பது எவர்க்கும் தெரியும். கரும்பலகையில் எழுதியது கடைசி வரிசை மாணவனுக்குத் தெரியவில்லை என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். சில வேளைகளில் அவனுக்கும் தெரியாது. உலகமே எல்லார்க்கும் அவ்வாறு மங்கலாகத்தான் காணும் என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான்.

பகலுணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையே முதன்மையாகக் கருதி எழுந்தது. 1982-ஆம் ஆண்டில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 1984-ஆம் ஆண்டில் அது பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் நீட்டிக்கப்பெற்றது. உயர்நிலைப் பள்ளி மாணவர் பகலில் பள்ளியிலேயே உண்ணலாயினர். 2022-ஆம் ஆண்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு உரியது. உயர்நிலைப் பள்ளி மாணவனுடைய காலைப் பசி வேறு வகையானது. தொடக்கப் பள்ளி பெரும்பாலும் உள்ளூரிலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளியோ பக்கத்துப் பெரிய ஊரில் இருக்கும். முதற் பேருந்தைப் பிடிக்க ஏழு மணிக்கே புறப்படும் பிள்ளை, அடுப்பு மூளும் முன்னரே வீட்டைவிட்டு வந்துவிடுகிறான். முதல் இரண்டு பாடவேளைகளில் அவனுடைய கவனம் எங்கே இருக்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. கணக்குப் பாடம் பெரும்பாலும் அந்த வேளையிலேயே வைக்கப்படுகிறது.

நீண்ட காலமாகக் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரப் பள்ளிகளின் பெரும்பகைவனாக இருந்தது பசியொன்று மட்டுமன்று, தீப்பெட்டியும் ஆகும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். மழையற்ற காற்றும், வேலை தேடும் மக்களும் நிறைந்த இப்பகுதி அத்தொழிலுக்கு ஏற்றதாக அமைந்தது. கோவில்பட்டியிலும் ஆலைகள் பெருகின. மழை பொய்த்த ஆண்டிலும் கூலி தரும் தொழிலாக அது விளங்கிற்று என்பதை மறுக்கலாகாது. பல குடும்பங்களைப் பட்டினியினின்றும் காத்தது அத்தொழிலே.

ஆனால் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், பெட்டியில் குச்சி அடைத்தல் ஆகிய வேலைகளுக்குச் சிறு விரல்கள் ஏற்றவை என்னும் ஒரு கருத்துப் பரவியது. விரல் சிறிது என்பதைவிடக் கூலி சிறிது என்பதே அதன் உண்மைப் பொருள். 1970-களிலும் 1980-களிலும் விடியற்கு முன்னரே ஆலை வண்டிகள் சிற்றூர்களுக்குள் புகுந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். இருட்டிய பின்னரே அவர்கள் வீடு திரும்புவர். பள்ளி வயதில் உள்ள பெண்பிள்ளைகளே அவர்களுள் மிகுதி. எத்தனை குச்சி அடுக்கினர் என்பதற்கேற்பக் கூலி அளக்கப்பட்டது. எத்தனை வகுப்பு இழந்தனர் என்பதை யாரும் அளக்கவில்லை.

1986-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதிற்குட்பட்டோரை அமர்த்துதலைத் தடை செய்தது. சட்டம் எழுதப்பட்ட அன்றே வண்டிகள் நின்றுவிடவில்லை. சிவகாசிப் பகுதிக் குழந்தைகளைக் குறித்து எம். சி. மேத்தா என்னும் வழக்குரைஞர் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தையின் குடும்பத்தில் வயதுவந்த ஒருவர்க்கு வேலை கிடைக்க முயல வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. பின்பகுதியே ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று தாய்க்குக் கட்டளையிடுவது எளிது. அப்பிள்ளை ஈட்டிய கூலிக்கு மாற்று என்ன என்று கேட்டால்தான் கட்டளை நிறைவேறும். வேலையினின்று மீட்கப்பெற்ற பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. சட்டமும், பகலுணவும், எந்திரங்களின் வரவும், பெற்றோரின் மனமாற்றமும் கூடி, ஆலைக்குச் சென்ற தலைமுறையின் மக்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தன.

பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டனர். இனி வகுப்பறைக்குள் நடப்பதைக் காண்போர், உடலும் உள்ளமும் பாடமும் தனித்தனியே நிற்பவை அல்ல என்பதை அறிவர். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி பிற்பகல் வகுப்பில் நாள்தோறும் தலைசாய்ந்து அமர்கிறாள் எனக் கொள்க. அதனைக் கவனக்குறைவு என்று கூறி அவளை எழுப்பி நிறுத்தும் ஆசிரியரும் உண்டு. ஆனால் குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தால் உடலுக்குப் போதிய உயிர்வளி செல்லாது. சோர்வும் மறதியும் தோன்றும். வளர் இளம்பருவப் பெண்களிடையே இக்குறை மிகுதி. இதற்காகவே பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையைக் கையில் கொடுத்துக் கணக்கு எழுதுவதோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் பையிலேயே தங்கிவிடும். உணவு உண்டபின் ஆசிரியர் முன்னிலையில் விழுங்கச் செய்தலும், அது எதற்கு என்று விளக்குதலும் வேண்டும். கம்பும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் எள்ளும் இந்நிலத்திலேயே விளைவன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அது, பையில் இருக்கும் பல வண்ணப் பொட்டலங்களைவிட நல்ல தின்பண்டம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணைப் பற்றி முன்னர்க் கூறப்பட்டது. பள்ளி மாணவரின் கண்களைச் சோதித்துக் கண்ணாடி இலவசமாக வழங்கும் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. கண்ணாடி கிடைத்த பின்னும், தோழர் கேலி செய்வர் என்று அதனை அணியாத மாணவர் பலர். அக்கேலியை நிறுத்துவது மருத்துவரின் வேலையன்று.

வறண்ட நிலத்துப் பள்ளிக்குத் தண்ணீர் எத்துணை இன்றியமையாதது என்பது கூறாமலே விளங்கும். நெடுந்தொலைவிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழியே பெறும் ஊர் கோவில்பட்டி. நீர் போதாத பள்ளியில் மாணவியர் பலர் ஒரு தந்திரத்தைக் கைக்கொள்வர். கழிப்பறைக்குச் செல்லும் தேவை ஏற்படாதிருக்கக் காலை முதல் நீரே அருந்தாது இருந்துவிடுவர். தலைவலியும் நீர்க்கடுப்பும் அதன் பயன். மாதத்தில் சில நாள் சிலர் பள்ளிக்கே வாரார். தூய்மையான கழிப்பறை, நீர், பெண்பிள்ளைகளுக்குரிய அணையாடை ஆகியவை நலவாழ்வுப் பொருள்கள் மட்டுமல்ல. வருகைப் பதிவேட்டின் வெறுங்கட்டங்களை நிரப்பும் பொருள்களும் ஆகும். தமிழக அரசு, இயற்கணிதம் நடத்தும் ஆசிரியருக்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை எனத் தோன்றலாம். மூன்று நாள் வகுப்பிழந்த மாணவி, நான்காம் நாள் கரும்பலகையைப் பார்த்து விழிக்கும்பொழுது தொடர்பு தெரியும்.

இனிப் பாடம் நடத்தும் முறை. எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்தது என்று அளந்து, 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது. அதன்பின் மறதி மெல்ல மெல்லவே நிகழ்கிறது என்று அவர் கண்டார். நேற்று நடத்திய பாடத்தை இன்று வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நினைவுகூரச் செய்வதன் தேவை இதனால் விளங்கும். நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல் மிகுந்த பயன் தரும். முந்தின நாள் வாராத மாணவனும் அந்த ஐந்து நிமிடத்தில் விட்ட இழையைப் பற்றிக்கொள்வான்.

மற்றோர் ஆய்வு இன்னும் எளியது. அமெரிக்க நாட்டைச் சேர்ந்த மேரி பட் ரோ என்னும் அம்மையார், அறிவியல் வகுப்புகளில் ஆசிரியர் வினாக் கேட்டபின் எவ்வளவு நேரம் விடைக்குக் காத்திருக்கின்றனர் என்று அளந்தார். சராசரியாக ஒரு நொடி அளவே என்று 1970-களில் அவர் வெளியிட்டார். அந்த ஒரு நொடிக்குள் விடை வாராவிடில் ஆசிரியர் வேறொருவரைக் கேட்பார். அல்லது தாமே சொல்லிவிடுவார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்த வகுப்புகளில் விடைகள் நீண்டன. வாய்திறவாத மாணவரும் பேசத் தொடங்கினர். இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. ஆயினும் பழகுவது அரிது. அமைதியான மூன்று நொடி, வகுப்பின் முன் நிற்பவருக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும்.

கரிசல் நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று நொடி மிகவும் வேண்டும். இப்பகுதியில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல. தமிழ் பேசும் வீடுகளிலும் வழங்குவது கரிசல் வழக்கு. பாடநூலின் சொல்லும் பிள்ளையின் சொல்லும் வெவ்வேறாக இருக்கும். மனத்தில் தோன்றிய விடையை நூலின் மொழிக்கு மாற்றிக்கொள்ள அவனுக்குச் சிறிது காலம் வேண்டும். தன் வழக்குச் சொல்லில் விடை கூறிய மாணவனைக் கண்டு வகுப்புச் சிரித்து, ஆசிரியரும் உடன் சிரித்தால், அவன் மறுமுறை எழமாட்டான். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டவர். அத்தகைய சொற்களையே அவர் தேடித் தொகுத்து, கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை உருவாக்கினார். 1991-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. சிரிப்பிற்கு இடமான சொற்கள் அகராதியில் இடம்பெற்றன. பிள்ளையின் சொல்லை முதலில் ஏற்று, பின் நூற்சொல்லை அதனருகே எழுதிக்காட்டும் ஆசிரியர் இரண்டு சொற்களைக் கற்பித்தவர் ஆகிறார்.

சொல்லைப் போலவே பொருளும் அருகில் கிடக்கிறது. காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வாயிலாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம் என்றது. பருத்தி விளையும் நாட்டில் தக்ளியும் இராட்டையும் பள்ளிக்கு வந்தன. அம்முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. எல்லாப் பாடத்தையும் நூலிழையில் கோக்க முயன்றது மிகை என்றே சொல்லவேண்டும். ஆனால் அதனுள் இருந்த உண்மை அழியவில்லை. மூன்று புனல்களை எடுத்து, ஒன்றில் கரிசல் மண்ணையும், ஒன்றில் செம்மண்ணையும், ஒன்றில் தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே கிடைக்கும் தேரி மணலையும் சம அளவில் இட்டு, சம அளவு நீர் ஊற்றினால் போதும். தேரி மணல் நீரை உடனே விட்டுவிடும். கரிசல் மண்ணோ நெடுநேரம் பிடித்துவைத்துக்கொள்ளும். மழை நின்று பல வாரம் கழிந்தும் பருத்திச் செடி ஏன் வாடுவதில்லை என்பதற்கு மாணவனே விடை கூறிவிடுவான். அம்மண்ணிலுள்ள களித்துகள்கள் தகடுகளாய் அடுக்கப்பட்டவை. தகடுகளின் இடையே நீர் புகும்போது விரியும், நீங்கும்போது சுருங்கும். அதனாலேயே வெடிப்பு உண்டாகிறது என்னும் வேதியியலை அதன்பின் கூறினால் மறவான்.

தீப்பெட்டியும் ஒரு பாடமே. குச்சியின் தலையில் இருப்பது உயிர்வளியைத் தரும் பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியின் பக்கத்தில் பூசப்பட்டிருப்பது சிவப்புப் பாஸ்பரசு. இரண்டும் உரசும்போதுதான் நெருப்புத் தோன்றுகிறது. பிரித்து வைத்தமையால் பையிலும் அடுப்பங்கரையிலும் அது பாதுகாப்பாக இருக்கிறது. தாய் ஆண்டுக்கணக்காக அடுக்கிய குச்சியின் வேதியியலை மகள் வீட்டிற்குச் சென்று தாய்க்கு விளக்கும் நாளில், பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே புதிய உறவு ஒன்று ஏற்படுகிறது. அத்தகைய தாய் பெற்றோர் கூட்டத்திற்கு வருவாள்.

முன்னாளில் பிரம்பும் கரும்பலகையும் ஒன்றாகவே வாங்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்தலையும் தடை செய்தது. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு, பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தையும் நிறுத்தியது. பிள்ளையின் அச்சம் இவற்றால் குறைந்ததேயன்றி நீங்கிவிடவில்லை. மதிப்பெண் குறைந்தால் வீட்டில் என்ன நேருமோ என்ற கவலை, மூத்த மாணவரின் கேலி, வீட்டில் நிகழும் பூசல், வெளியே சொல்ல இயலாத துன்பம் ஆகியவற்றை மாணவர் எழுதி இடுவதற்காகப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்னும் பெட்டி வைக்கப்பட்டுள்ளது. 14417 என்னும் எண்ணில் கல்வி உதவி பெறலாம். 1098 என்னும் எண் குழந்தைகளின் இடர் தீர்க்க உள்ளது. பெட்டியைத் திறந்து படிப்பவர் யார், எப்பொழுது என்பது மாணவர்க்குத் தெரிந்திருந்தால்தான் அதில் தாள் விழும். திறவாத பெட்டியின் பூட்டை முதலில் கவனிப்பவர் மாணவரே.

நெடுந்தொலைவு நடந்த காலமும் மாறியுள்ளது. மேல்நிலை மாணவர்க்கு அரசு வழங்கும் மிதிவண்டி, பக்கத்து ஊர்ப் பள்ளியை அண்மையில் கொண்டுவந்தது. சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு அது பெருந்துணை. ஐப்பசி மழையில் மட்டும் கரிசல் மண் சக்கரத்திற்கும் மட்காப்பிற்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியை உருளவிடாது. அந்நாட்களில் மாணவர் வண்டியைத் தோளில் சுமந்து வண்டிப்பாதையைக் கடப்பர். சேறு படிந்த காலுடன் காலங்கடந்து வந்து நிற்பவனை வாயிலில் நிறுத்திக் காரணம் கேட்பது, கேட்கும் ஆசிரியர் தார்ச்சாலை வழியே வந்தவர் என்பதையே காட்டும்.

பத்து நாள் பருத்தி எடுத்துவிட்டுத் திரும்பும் மாணவியின் முதல் நாளுக்கு உரிய ஏற்பாடுகள் சில உண்டு. அவளுடைய இடத்தில் வேறொருவரை அமர்த்தாதிருத்தல். பக்கத்து மாணவியின் குறிப்பேட்டை இரண்டு நாளுக்குக் கொடுத்து உதவச் செய்தல். பத்து நாள் பாடத்தில் இன்றியமையாத இரண்டு கணக்குகளை மட்டும் தேர்ந்து, உணவு வேளைக்குப்பின் பத்து நிமிடம் தனியே விளக்குதல். ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், காட்டில் இவ்வாண்டு விளைச்சல் எப்படி என்று கேட்கலாம். பதிவேட்டின் ஓரத்தில் ‘பருத்தி’ என்று ஒரு சொல் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு பாடத்திட்டம் வகுக்கும் பொழுது எந்த வாரத்தில் எந்தப் பாடத்தை நடத்தலாகாது என்பது தெரிந்திருக்கும்.